ஹாஸ்டல் நெட்: முதலாம் ஆண்டு சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கவுன்சலிங் முடிந்து விடுதிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி விடுதிகளை மனதில் வைத்து எழுதியது. கலை அறிவியல், பாலிடெக்னிக் விடுதிகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

சேர்ந்த ஒரு வாரத்தில் எல்லோரும் ‘இங்கே நெட் படு ஸ்லோ’ என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எங்கே ஸ்லோ என்று கேட்டால் பதில் வராது. உங்கள் அறைக்கும் வராந்தாவில் தொங்கும் வைஃபை பெட்டிக்கும் நடுவிலா, கல்லூரியின் உள்வலையிலா, கல்லூரி வெளியிலிருந்து வாங்கியிருக்கும் இணைப்பிலா? இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதிச் சிக்கலை நீங்களே சரிசெய்யலாம். மீதிக்கு யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

அதே விடுதியில், முடிந்தால் அதே ப்ளாக்கில் இருக்கும் ஒரு சீனியரைப் பிடியுங்கள். கல்லூரி இணையதளத்தில் ‘24 மணி நேர வைஃபை’ என்று போட்டிருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வார்டன் அறை வாசலில் ஒரு பெட்டி தொங்கினாலும் அப்படித்தான் போடுவார்கள். சீனியரிடம் கேட்க வேண்டியவை: அறைக்குள் வைஃபை எட்டுகிறதா, சுவரில் லேன் பாயிண்ட் (நெட் கேபிள் சொருகும் இடம்) இருக்கிறதா, ஒருவருக்கு எத்தனை சாதனம் அனுமதி, இரவு எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள், எந்த சிம்முக்கு அறைக்குள் டவர் கிடைக்கும்.

கடைசிக் கேள்வியில் உங்கள் பணம் மாட்டியிருக்கிறது. கல்லூரிகள் பலவும் ஊரைவிட்டுத் தள்ளி ஹைவே ஓரத்தில் இருக்கின்றன. வீட்டில் நன்றாக எடுக்கும் சிம் அங்கே நான்கு சுவருக்குள் ஒரு கோடுகூடக் காட்டாமல் போகலாம். அதனால் விடுதிக்குப் போய்ப் பார்க்கும்வரை ஒரு வருட ரீசார்ஜ் போடாதீர்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாற வேண்டுமானால் ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம் விட்டு உங்கள் எண்ணையும் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். ஆனால் தற்போதைய நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகியிருந்தால்தான் மாற முடியும். மாறும்போது பழைய ரீசார்ஜில் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

இன்னொன்று, பெரிய டவுன்லோடுகளை எல்லாம் வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அப்டேட், ஆஃபீஸ், பைத்தான், விஎஸ் கோட், மெக்கானிக்கல், சிவில் மாணவர்களானால் ஆட்டோகேட், விளையாட்டுகள் இருந்தால் அவையும். முதல் வாரம் விடுதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் இதையே செய்துகொண்டிருப்பார்கள்.

லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். லேன் கேபிள் சொருகும் ஓட்டை இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருக்காது. சீனியர் ‘அறையில் லேன் பாயிண்ட் இருக்கு’ என்று சொன்னால், யூஎஸ்பி 3 வகை லேன் அடாப்டர் ஒன்றும் பத்து மீட்டர் கேட் 6 கேபிளும் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்தால் போதும். நான்கு வருடத்துக்கு இதைவிடப் பிரயோஜனமான செலவு விடுதி வாழ்க்கையில் குறைவு.

முதல் நாள்: உள்ளே நுழைவது

கட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசியுங்கள். வைஃபை பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயிண்ட், பெரும்பாலும் வராந்தாவில் இருக்கும். எனவே கதவுப் பக்கக் கட்டிலுக்கு வைஃபை நன்றாக வரும். ஜன்னல் பக்கக் கட்டிலுக்கு செல்போன் டவர் நன்றாக வரும். காற்றா, வைஃபையா என்பது உங்கள் விருப்பம். நான் என்றால் ஜன்னலைத்தான் எடுப்பேன், படிக்கும்போது மட்டும் நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

இணைவதற்கு மூன்று முறைகள் உண்டு. உங்கள் கல்லூரியில் எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அதிகம் காணப்படுவது லாகின் பக்கம். வைஃபையில் இணைந்ததும் ஒரு பக்கம் திறந்து, ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் கேட்கும். அந்தப் பக்கத்தின் முகவரி 172.16 என்று தொடங்கி, கடைசியில் 8090 என்று முடிந்தால் கல்லூரியில் இருப்பது அநேகமாக சோஃபோஸ் அல்லது அதன் பழைய வடிவமான சைபரோம் ஃபயர்வால், அதாவது கல்லூரி நெட்டின் வாசலில் நின்று யாரை, எதை விடுவது என்று பார்க்கும் காவல் பெட்டி. சைபரோம் அகமதாபாத்தில் பிறந்த நிறுவனம். 2014இல் சோஃபோஸ் அதை வாங்கியது. இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் இன்னும் சீனியர்கள் வாயில் ‘சைபரோம் லாகின்’ என்றே வழங்குகிறது.

லாகின் பக்கம் தானாகத் திறக்காததுதான் முதல் நாளின் பெரிய தலைவலி. காரணம் எளிது. நீங்கள் திறக்கும் தளங்கள் எல்லாம் இப்போது பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் தளங்கள். ஃபயர்வாலால் அவற்றை இடைமறித்துத் தன் பக்கத்தைக் காட்ட முடியாது. பூட்டு இல்லாத ஒரு தளத்தைத் திறந்தால் லாகின் பக்கம் வந்து நிற்கும். இதற்கென்றே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது. அப்படியும் வரவில்லையா? விபிஎன் (உங்கள் நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற அமைப்பில் ஏதாவது பெயர் போட்டு வைத்திருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது. விளம்பரத்தைத் தடுக்க அப்படிப் போட்டு வைத்துவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர்.

லாகின் ஆனபிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் சில நிமிடத்தில் நெட் போய்விடுகிறது என்றால் அது கோளாறு இல்லை. சில கல்லூரிகளில் அந்தப் பக்கம் பின்னால் திறந்தே இருக்க வேண்டும் என்பது அமைப்பு. ‘லாகின் எல்லையை எட்டிவிட்டீர்கள்’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், உங்கள் இன்னொரு சாதனம் உள்ளே இருக்கிறது. போனில் லாக்அவுட் செய்துவிட்டு லேப்டாப்பில் நுழையுங்கள். எந்தச் சாதனமும் இல்லாமலேயே அந்தச் செய்தி வந்தால் உங்கள் பாஸ்வேர்டு வேறு யாரிடமோ இருக்கிறது. முதலில் கொடுக்கப்படும் பாஸ்வேர்டு பிறந்த தேதியாகவோ ரோல் நம்பராகவோ இருப்பதால் இது சர்வசாதாரணம். கிடைத்த அன்றே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது முறையில் லாகின் பக்கமே கிடையாது. வைஃபையில் இணையும்போதே போன் உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். ஐஐடி போன்ற பெரிய நிறுவனங்களில் இருக்கும் எஜுரோம் இந்த வகை. ஐரோப்பாவில் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஏற்பாடு இது. இந்தியாவில் மத்திய அரசின் கல்வி வலையமைப்பான எர்நெட் இந்தியா ஒருங்கிணைக்கிறது. இதில் ஒரு வசதி: உங்கள் கல்லூரியில் எஜுரோம் இருந்தால், அது இருக்கும் வேறு கல்லூரிக்கு சிம்போசியத்துக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ போனாலும் அதே பாஸ்வேர்டில் நெட் தானாக எடுக்கும். பெயர் போடும் இடத்தில் வெறும் ரோல் நம்பர் போடாமல் மின்னஞ்சல் முகவரி மாதிரி முழுசாக, கல்லூரியின் பெயர்ப் பகுதியோடு போட வேண்டும். பாதிப் பேருக்கு இங்கேதான் இடறும். மெதட் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘பீப்’ (PEAP), அடுத்ததில் ‘எம்எஸ்சாப் வி2’ (MSCHAPV2) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சர்ட்டிஃபிகேட் கேட்கும் இடத்தில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று போட்டால் வேலை சுலபமாக முடியும். ஆனால் அதே பெயரில் யாராவது போலி வைஃபை வைத்தால் உங்கள் போன் அதனிடமும் போய் நிற்கும். ‘யூஸ் சிஸ்டம் சர்ட்டிஃபிகேட்ஸ்’ என்று வைத்து, கீழே கல்லூரி கொடுக்கும் டொமைன் பெயரை அடியுங்கள்.

மூன்றாவது மேக் எண் பதிவு. ஒவ்வொரு சாதனத்துக்கும் பன்னிரண்டு எழுத்து, எண் கலந்த மேக் முகவரி ஒன்று உண்டு. அதை ஃபார்மில் எழுதிக் கொடுத்தால்தான் நெட் திறப்பார்கள். இங்கே இப்போதைய போன்கள் ஒரு விளையாட்டுக் காட்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி எண்ணைக் காட்டுகின்றன. நீங்கள் ‘அபவுட் போன்’ பகுதியில் பார்த்து உண்மை எண்ணை எழுதிக் கொடுத்திருப்பீர்கள், போன் வேறு எண்ணைச் சொல்லும், நெட் வராது. ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு, ‘பிரைவசி’ பகுதியில் ‘யூஸ் டிவைஸ் மேக்’ என்று மாற்றுங்கள். ஐபோனில் ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’ என்பதை ஆஃப் செய்ய வேண்டும். கல்லூரி வைஃபைக்கு மட்டும் மாற்றினால் போதும், மற்ற இடங்களில் அது இருப்பதே நல்லது.

வேகம் என்றால் எவ்வளவு

எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் தெரிவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுக்க வேண்டும். ஸ்பீட் டெஸ்டில் 40 காட்டினால் டவுன்லோடு விநாடிக்கு 5 எம்பி போகும்; 2 ஜிபி கோப்பு ஏழு நிமிடத்தில் இறங்கும். ‘40 என்று காட்டுகிறது, ஆனால் 5தான் வருகிறது’ என்று புகார் எழுதுபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

யூடியூபில் 1080பி தரத்துக்கு கூகுள் சொல்வது 5 எம்பிபிஎஸ், 720பி என்றால் 2.5, 480பி என்றால் 1.1. ஐஐடி ஆசிரியர்கள் போர்டில் எழுதிப் பாடம் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்பு வீடியோவுக்கு 480பி தாராளம். விளையாட்டுக்கு வேகம் அதிகம் தேவையில்லை, பிங் சீராக இருக்க வேண்டும். பிங் என்பது உங்கள் சாதனத்திலிருந்து ஒரு தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்.

இப்போது ஒரு கணக்கு. 1,000 எம்பிபிஎஸ் இணைப்புள்ள விடுதியில் 2,000 பேர் ஒரே நேரத்தில் முழுமூச்சாக இறக்கினால் ஒருவருக்கு அரை எம்பிபிஎஸ். இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. காலை ஏழு மணிக்கு எல்லாக் குழாயையும் திறந்துவிட்ட விடுதிக் குளியலறையில் தண்ணீர் நூலாக வருமே, அதே கதை. கல்லூரி ஏமாற்றுகிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதலில் எங்கே அடைக்கிறது என்று பார்க்கலாம்.

எங்கே இழுக்கிறது: மூன்று சோதனைகள்

இதற்கு எந்தச் செயலியும் வேண்டாம். லேப்டாப்பில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட் போதும்.

முதலில் வைஃபை விவரப் பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஐபி முகவரி (வலையில் உங்கள் சாதனத்துக்குக் கொடுக்கப்படும் எண்), டீஃபால்ட் கேட்வே. ஐபி 169.254 என்று தொடங்கினால் மேலே போக வேண்டாம். கல்லூரி உங்களுக்கு முகவரியே தரவில்லை என்று அர்த்தம். பல விடுதிகளில் ஒரு தளத்துக்கு 254 முகவரிதான் ஒதுக்கியிருப்பார்கள். ஆளுக்கு லேப்டாப், போன், வாட்ச் என்று மூன்று சாதனம் வந்துவிட்ட காலத்தில் மாலை ஆறு மணிக்கே அது தீர்ந்துவிடும். வைஃபையை அணைத்துப் போட்டுப் பாருங்கள். நாள்தோறும் இப்படியே என்றால் அட்மினிடம் ‘முகவரி தீர்ந்துபோகிறது’ என்று ஒரே வரியில் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

முகவரி சரியாக இருந்தால், பிங் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, கேட்வே எண்ணை அடியுங்கள். கேட்வே உள்வலையின் வாசல். ஒரே கட்டிடத்துக்குள் இருப்பதால் பத்து மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும். 200, 300 என்று குதித்தாலோ, நடுநடுவே ‘டைம்டு அவுட்’ என்று வந்தாலோ, சிக்கல் உங்களுக்கும் வாசலுக்கும் நடுவில், பெரும்பாலும் வைஃபையில். கல்லூரி நாளைக்கே பத்து மடங்கு இணைப்பு வாங்கினாலும் உங்கள் அறையில் ஒன்றும் மாறாது.

கேட்வே ஒழுங்காகப் பதில் சொல்கிறது என்றால் அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் செய்யுங்கள். அங்கே இழுத்தால் அடைப்பு வாசலுக்கு வெளியே, கல்லூரி வாங்கியிருக்கும் இணைப்பில். சில கல்லூரிகள் வெளியே பிங் போகவே விடாது. அப்போது எல்லாமே ‘டைம்டு அவுட்’ என்று வரும். அதை வேகத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டும் நன்றாக இருந்து தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? லாகின் காலாவதியாகி இருக்கலாம், டிஎன்எஸ் படுத்திருக்கலாம், அந்தத் தளத்தையே ஃபயர்வால் தடுத்திருக்கலாம். பக்கத்து அறையிலும் திறக்கவில்லை என்றால் தடைதான்.

மூன்றாவதாக அதே அறையில் இருவர் ஒரே நேரத்தில், ஒருவர் வைஃபையிலும் ஒருவர் லேன் கேபிளிலும் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். கேபிளில் 35, வைஃபையில் 1 என்று வந்தால் வழக்கு முடிந்தது. ஸ்பீட் டெஸ்டை மொபைல் 5ஜியில் மட்டும் சும்மா சும்மா போடாதீர்கள். 300 எம்பிபிஎஸ் வேகத்தில் பதினைந்து விநாடி ஓடினாலே அரை ஜிபிக்கு மேல் போய்விடும்.

நீங்களே சரிசெய்யக்கூடியவை

சிக்கல் வைஃபையில் என்று தெரிந்தால், முதலில் எந்த அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஒரு தளத்தில் நாற்பது அறை, அறைக்கு ஒரு போன் ஹாட்ஸ்பாட், நாற்பது ப்ளூடூத் ஹெட்செட் எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு கான்கிரீட் சுவர் ஆகாது, ஆனால் இடம் தாராளம். கதவைத் திறந்து வைத்து, இரும்பு பீரோ நடுவில் மறைக்காத இடத்தில் உட்கார்ந்தால் 5 எடுக்கும். விண்டோஸில் வைஃபை அடாப்டரின் அட்வான்ஸ்டு அமைப்பில் ‘5 கிகாஹெர்ட்ஸுக்கு முன்னுரிமை’ என்று வைக்கலாம்.

சிக்னல் அளவை மைனஸ் எண்ணில் காட்டும் செயலிகள் உண்டு. மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும், மைனஸ் 80 என்றால் இணைந்திருக்கிறோம் என்ற பெயர்தான். தூரத்தில் மைனஸ் 80இல் ஒருவர் உட்கார்ந்து படம் பார்த்தால் அவருக்கு மட்டும் கஷ்டம் இல்லை. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சிக்னல் குறைந்தவருக்கு அதே தகவலை அனுப்பப் பல மடங்கு நேரம் பிடிப்பதால், பெட்டிக்கு நேர் கீழே இருப்பவரும் தன் முறைக்குக் காத்துக் கிடப்பார். ஒரு வராந்தாவே மொத்தமாக இழுப்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

அறையில் ஹாட்ஸ்பாட் போட்டே ஆக வேண்டுமானால் போனில் அதை 5க்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது யூஎஸ்பி டெதரிங், அதாவது போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து டேட்டாவைக் கொடுப்பது. கேபிளில் போவதால் யார் வைஃபையையும் கெடுக்காது, போனும் சார்ஜ் ஆகும்.

லேன் பாயிண்ட் இருந்தால் மறுபேச்சில்லாமல் கேபிள்தான். கேட் 5இ கேபிளே நூறு மீட்டர் வரை 1,000 எம்பிபிஎஸ் கொண்டுபோகும். விண்டோஸில் லிங்க் வேகம் 1,000க்குப் பதில் 100 என்று காட்டினால், உள்ளே இருக்கும் எட்டு கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கலாம்; 100க்கு நான்கு கம்பி போதும், 1,000க்கு எட்டும் வேண்டும். கேபிளை மாற்றிப் பாருங்கள். சுவர் பாயிண்டில் ஒன்றுமே வரவில்லை என்றால், கீழே நெட்வொர்க் சுவிட்ச் (லேன் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) இருக்கும் அறையில் அந்தக் கேபிளைச் சொருகியே இருக்க மாட்டார்கள். லேன் பாயிண்ட் எண்ணைக் குறித்து எலக்ட்ரீஷியனிடம் சொல்லாமல் நெட்வொர்க் ஆளிடம் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

சிக்கல் வெளி இணைப்பில் என்றால் உங்கள் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். காலை ஐந்திலிருந்து ஏழு வரை விடுதி நெட் பறக்கும். டவுன்லோடுகளை அப்போது வையுங்கள். இரவே நிறுத்துகிற விடுதியானால் எப்போது திறக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். லேப்டாப்பில் கல்லூரி வைஃபையை ‘மீட்டர்டு’ (அளந்து செலவழிக்க வேண்டிய) இணைப்பாகக் குறித்தால் விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஒன்டிரைவ், கூகுள் போட்டோஸ் பேக்கப், ஸ்டீம் அப்டேட் இவை மூன்றும் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பங்கைத் தின்பவை. அதில் பேக்கப் இரண்டும் இன்னும் மோசம், அப்லோடை அடைத்துக்கொண்டால் டவுன்லோடும் சேர்ந்து படுக்கும்.

தொடக்கூடாதவை

சொந்த ரவுட்டர் கொண்டுவராதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் தடை, தடைக்கு நியாயமும் உண்டு. ரவுட்டரில் வெளி இணைப்புக்கு என்று ஒரு ஓட்டை, லேப்டாப்புகளுக்கு என்று நான்கு ஓட்டை இருக்கும். சுவரிலிருந்து வரும் கேபிளை அந்த நான்கில் ஒன்றில் சொருகிவிட்டால், உங்கள் ரவுட்டர் தளம் முழுவதற்கும் தானே முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். கொடுக்கிற முகவரி எங்கும் போகாது. ஒரு ஆள் செய்த வேலையில் ஐம்பது அறை இருண்டுவிடும். எல்லோருக்கும் ஐபி 10 அல்லது 172 என்று தொடங்கும் தளத்தில் திடீரென்று 192.168.0 அல்லது 192.168.1 என்று வர ஆரம்பித்தால் யாரோ ரவுட்டர் சொருகிவிட்டார் என்று அர்த்தம். கதவு கதவாகத் தட்டிக் கேட்பதுதான் வேகமான வைத்தியம். நல்ல சுவிட்சுகளில் இதைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு வைக்காத கல்லூரிகள்தான் அதிகம்.

லாகினை நண்பனுக்குக் கொடுக்காதீர்கள். நட்பு வேறு, ஃபயர்வாலின் பதிவேடு வேறு. எந்த ரோல் நம்பரில் எந்த நேரத்தில் எந்தத் தளம் போனது என்பது ஃபயர்வாலில் பதிவாகும். விசாரணை என்று வந்தால் உங்கள் பெயர்தான் அதில் இருக்கும். மற்றவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். விளையாட்டுக்கு சீனியர் பாஸ்வேர்டை ஊகித்து நுழைபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விபிஎன் சட்டவிரோதம் இல்லை. ஆனால் கல்லூரி விதியில் தடை இருந்தால் கணக்கை முடக்குவார்கள். இலவச விபிஎன்கள் வேகத்தைக் குறைக்கும், உங்கள் தகவல்களை யாரிடம் கொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. படிப்புக்குத் தேவையான தளம் தடைபட்டிருந்தால் துறை ஆசிரியர் மூலம் எழுதிக் கேட்பதே பலன் தரும். கிட்ஹப், ஸ்டேக் ஓவர்ஃப்ளோ போன்றவற்றை இப்படிக் கேட்டுத் திறந்த கல்லூரிகள் உண்டு.

மொபைல் டேட்டாவைக் கைவசம் வைப்பது

மின்வெட்டின்போது வராந்தா பெட்டிக்கு யூபிஎஸ் இல்லாவிட்டால் நெட்டும் சேர்ந்து போகும். அதனால் விடுதி வைஃபை எவ்வளவு நன்றாக இருந்தாலும் டேட்டா தேவை. நாளுக்கு 2 ஜிபி என்பது எவ்வளவு நேரம் வரும்? 720பி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும், 480பி அரை ஜிபி. ஆன்லைன் வகுப்பு நடந்த கொரோனா காலத்தில் தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவசமாகக் கொடுத்ததும் இதே அளவுதான். தினசரி அளவு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். வாட்ஸ்ஆப் எழுத்தும் ஜிபேயும் எப்படியோ ஓடும், வேறெதுவும் நகராது. நள்ளிரவில் மறுபடி நிறையும்.

ஐந்தாம் ஆறாம் செமஸ்டரில் கம்பெனிகளின் ஆன்லைன் தேர்வு வரும். அதற்கு விடுதி வைஃபையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். லேன் கேபிள் முதலில், போன் டெதரிங் தயாராகப் பக்கத்தில். இரண்டும் சரியில்லை என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கித் துறை லேபில் எழுதுங்கள்.

புகார் சொல்வதும் விதிகளும்

‘சார், நெட் வரல’ என்று சொன்னால் வார்டன் ‘சொல்றேன்பா’ என்பார், அங்கேயே அது முடிந்துவிடும். மேலே செய்த சோதனைகள் இப்போதுதான் உதவும். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘மதிப்பிற்குரிய வார்டன் அவர்களுக்கு, பி ப்ளாக் இரண்டாம் தளத்தில் 210 முதல் 218 வரையுள்ள அறைகளில், திங்கட்கிழமை முதல் இரவு 8 மணியிலிருந்து 11 வரை வைஃபை வேகம் 1 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இருக்கிறது. அந்த நேரத்தில் கேட்வேக்கு பிங் 300 மில்லிசெகண்டுக்கு மேல் வருகிறது. சிக்னல் மைனஸ் 55. அதே நேரத்தில் லேன் கேபிளில் 35 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. வராந்தாவில் உள்ள ஆக்சஸ் பாயிண்டைச் சரிபார்க்குமாறு நெட்வொர்க் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.’

கீழே ஒன்பது அறைக்காரர்களும் கையெழுத்துப் போடுங்கள். நெட்வொர்க் அலுவலகத்துக்கு இது கிடைத்தால் எங்கே ஏறிப் பார்க்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. அந்த அண்ணன்களிடம் மரியாதையாகப் பேசி வையுங்கள். மொத்தக் கல்லூரிக்கும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். உங்கள் புகார் மேசைக்கு வருவதும் வராததும் பல நேரம் பழக்கத்தைப் பொறுத்தது.

நேரக் கட்டுப்பாடு வேறு விஷயம். இரவில் நெட்டை நிறுத்துவது தனியார் கல்லூரிகள் மட்டும் செய்வதில்லை. 2007இல் ஐஐடி பம்பாயே விடுதிகளில் இரவு 11 மணிக்கு மேல் இணையத்தை நிறுத்தியது. தூக்கம், வகுப்பு வருகை என்று காரணம் சொல்வார்கள். எனக்கு இதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. நெட்டை நிறுத்தினால் பையன்கள் தூங்குவதில்லை, மொபைல் டேட்டாவுக்குப் போகிறார்கள். காசு இல்லாத மாணவர்தான் மாட்டிக்கொள்கிறார். பெண்கள் விடுதிகளில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாக இருப்பதையும் சொல்லியாக வேண்டும். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை செல்போனே கூடாது என்றார்கள். எதிர்த்த மாணவியை விடுதியிலிருந்து நீக்கினார்கள். அவர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அது கேரளத் தீர்ப்பு. இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், விடுதிக் குழுக் கூட்டத்தில் பணிவாக எடுத்துச் சொல்ல ஒரு நல்ல ஆதாரம்.

வெளியே வீடு எடுத்தால்

மூன்றாம் வருடத்தில் நாலைந்து பேர் சேர்ந்து வெளியே வீடு எடுப்பவர்கள் ஃபைபர் இணைப்புப் போடுவார்கள். 30, 40 எம்பிபிஎஸ் அடிப்படைத் திட்டமே நான்கு பேருக்குப் போதும். ‘அன்லிமிடெட்’ என்றாலும் பெரும்பாலும் மாதம் 3,300 ஜிபி அளவில் ஒரு வரம்பு இருக்கும், நீங்கள் அதை எட்ட மாட்டீர்கள். விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். ரவுட்டரை ஹாலின் நடுவில், உயரத்தில் வையுங்கள்; டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். இணைப்பு யாருடைய ஆதாரில் இருக்கிறதோ அவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு, ஆகவே அவர் மேல் வீட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுக்காத ஆளாக இருக்கட்டும். படிப்பு முடிந்து காலி செய்யும்போது ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், முன்பணம் அதைக் காட்டினால்தான் வரும்.